ஷெட்டுக்கு வெள்ளை அடித்த வாரம்

திண்டிவனத்திலிருந்து ஆட்கள் வரப்போகிறார்கள் என்று தெரிந்ததும் பிரபாகரன் உப்பளத்து ஷெட்டுக்கு வெள்ளை அடித்தான். வெளிச்சுவருக்கு ஒரு பூச்சு போதுமாக இருந்தது. உள்சுவருக்கு மூன்று பூச்சு பிடித்தது. டிசம்பரில் பக்கிங்காம் கால்வாய் வழியாக ஏறி வந்த கடல் தண்ணீர், அந்தச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோட்டை விட்டுப் போயிருந்தது. ஒவ்வொரு பூச்சு காய்ந்த பிறகும் அந்தக் கோடு மெல்ல மேலே வந்தது.

ஜான்சி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்க கேட்டா என்னங்க சொல்றது?"

"நம்ம பாத்திப் பக்கம் தண்ணி வரலன்னு சொல்லு. குப்பத்தோட நின்னுடுச்சுன்னு சொல்லு."

"வந்துச்சே."

"வந்துச்சுன்னு சொல்லித்தான் புதுச்சேரிக்காரர் ஓடிட்டாரு. மறந்துட்டியா?"

அவள் மறக்கவில்லை. பிப்ரவரியில் பணம் போடுவதாக வந்த அந்த மனிதர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். சுனாமியன்று பாத்திகளுக்குள் தண்ணீர் புகுந்ததை ஜான்சி சொன்னதும் பேச்சு நின்றுபோனது. கொண்டுவந்து வைத்த இளநீரைக்கூடத் தொடாமல் காரில் ஏறினார். அதற்குப் பிறகு அவள் செய்த எந்த போனையும் அவர் எடுக்கவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் ஜான்சி சென்னையில் ஒரு மசாலா கம்பெனியில் பேக்கிங் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மரக்காணத்துக்கு வாழ வந்த பிறகு, குத்தகைக்கு எடுத்த பாத்திகளில் கணவன் வெயிலில் காய்ந்து எடுத்த உப்பை வியாபாரிகள் வந்து அள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தாள். அதே உப்பை அரைத்து, அயோடின் கலந்து, பாக்கெட் போட்டு நாமே விற்கலாம் என்பது அவள் யோசனை. மெஷினுக்கும் கட்டடத்துக்கும் வேண்டிய முதல் அவர்களிடம் இல்லை. இப்போது அதைப் போட யோசித்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் திண்டிவனத்தில் ரைஸ்மில் வைத்திருக்கும் சிங்காரம். இன்னொருவர் அவருடைய அக்கா அமராவதி. பேங்கில் மேனேஜராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர். தம்பி எதில் பணம் போட்டாலும் அக்காவும் கூடவே வந்து பார்ப்பார் என்று சொன்னார்கள்.

ஜான்சி சார்ட் பேப்பரில் படங்கள் வரைந்தாள். கடைகளில் விற்கிற உப்பு ஒரு பாக்கெட்டும், தங்கள் கல்லுப்பு ஒரு பாக்கெட்டும், தங்கள் உப்பையே மிக்சியில் அரைத்துச் சலித்தது ஒரு பாக்கெட்டும் எடுத்து வைத்தாள். பீரோ கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தாள். பிரபாகரன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து சிங்காரம் மாதிரி கேள்வி கேட்பான். இரண்டாம் வகுப்பு படிக்கிற மகள் தமிழ்நிலா பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பாள்.

எல்லாக் கேள்விக்கும் ஜான்சிக்கு பதில் வந்தது. ஒரே ஒரு கேள்வியில் மட்டும் குரல் உள்ளே போனது.

"தரையைப் பாக்காத. மூஞ்சியைப் பாத்துச் சொல்லு. இன்னொரு வாட்டி."

"இங்க தண்ணி வரலீங்க ஐயா."

"திருப்பிச் சொல்லு."

நாலைந்து நாளில் அது தடங்கலில்லாமல் வர ஆரம்பித்தது. அப்போதுதான் அவளுக்கு உண்மையான பயம் வந்தது. டிசம்பரில் சீசன் இல்லை. மழைத் தண்ணீர் நின்ற பாத்திகளில் ஓர் ஆள்கூட இல்லை. அதனால் யாரும் சாகவில்லை. இப்போது ஆடி மாதம், உப்பு வாரும் காலம். மேஸ்திரி கொளஞ்சியோடு பத்திருபது பேர் தினமும் வெயிலில் குனிந்து நிற்கிறார்கள். இந்த நேரத்தில் தண்ணீர் வந்தால் அவர்கள் எந்த வரப்பில் ஓடுவார்கள்? அந்த நினைப்பு வந்த பிறகு அவளால் கிழக்கே முதுகு காட்டி நிற்க முடியவில்லை. யாரோடு பேசினாலும் கண் கடல் பக்கமே போனது.

செவ்வாய்க்கிழமை காலை கார் ரோட்டோரம் வந்து நின்றது. ஷெட் வரைக்கும் கார் வராது. வரப்பு மேல் நடந்துதான் வரவேண்டும். சிங்காரம் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி முன்னால் வந்தார். அமராவதிக்கு முழங்கால் வலி. ஒவ்வொரு அடியாக வைத்து வந்தார். ஷெட் வாசலில் தார்ப்பாய் கட்டி, பிளாஸ்டிக் சேர் போட்டிருந்தார்கள்.

ஜான்சி எழுந்து நின்றாள். முதல் வாக்கியம் எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியாது. பாக்கெட்டைப் பிரித்து அவர்கள் உள்ளங்கையில் உப்பைக் கொட்டினாள். திண்டிவனம் கடைக்காரர்கள் என்ன கேட்கிறார்கள் என்று சொன்னாள். சிங்காரம் கரண்டு எப்படி, அயோடின் எங்கே வாங்குவீர்கள், மழைக்காலத்தில் மெஷின் சும்மா கிடக்குமே என்றெல்லாம் கேட்டார். அவள் சொல்லச் சொல்ல அவர் முகத்தின் இறுக்கம் தளர்ந்தது. பிரபாகரன் அவளைப் பார்த்து லேசாகச் சிரித்தான்.

அமராவதி அதுவரை ஒன்றும் கேட்கவில்லை. ஷெட்டின் உள்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுனாமி அன்னிக்கு இங்க எப்படிம்மா இருந்துச்சு?"

ஜான்சி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இங்க தண்ணி வரலீங்கம்மா. குப்பத்தோட நின்னுடுச்சு."

அமராவதி தலையசைத்தார். அவ்வளவுதான். ஜான்சியின் முதுகில் வியர்வை சில்லென்று இறங்கியது. பிரித்த பாக்கெட்டை மடித்து மூடினாள்.

சிங்காரம், "அப்போ ஒப்பந்தப் பேப்பர் போடறதைப் பத்தி..." என்று ஆரம்பித்தபோது கடைசிப் பாத்தியில் யாரோ கத்துவது கேட்டது. உப்பு வாருகிற பலகைகளைப் போட்டுவிட்டு ஆட்கள் வரப்பு மேல் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். குப்பத்துப் பக்கத்திலிருந்து ஒருவன் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தான்.

"கடல் ஏறுது! ஓடுங்க! கடல் ஏறுது!"

பிரபாகரனின் சேர் பின்னால் விழுந்தது. "பாப்பா!" என்றான். தமிழ்நிலாவின் பள்ளிக்கூடம் குப்பத்துக்குப் போகிற வழியில் இருந்தது. அவன் யாரையும் பார்க்கவில்லை. வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு வரப்பிலேயே பறந்தான். சிங்காரம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்து ஓடினார். அக்கா பின்னாலேயே வருகிறார் என்றுதான் நினைத்திருக்க வேண்டும்.

ஜான்சியின் கால்களும் ரோட்டுப் பக்கம் திரும்பிவிட்டன. சில அடி ஓடியும்விட்டாள். பின்னால் இரும்புக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. திரும்பினாள். சேர்கள் காலியாக இருந்தன. அமராவதி ஷெட்டுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டிருந்தார்.

அவள் திரும்பி ஓடிக் கதவில் அடித்தாள்.

"அம்மா, வெளிய வாங்க! ரோட்டுக்குப் போயிடலாம்!"

"என்னால ஓட முடியாதும்மா. நீ போ. இது சிமெண்ட் கட்டடம், தாங்கும். தண்ணிதான் இங்க வராதுன்னியே!"

கிழக்கே எதுவும் தெரியவில்லை. வெயிலில் உப்பு மட்டும் வெள்ளையாகக் கண்ணைக் கூசவைத்தது. அந்த வெள்ளைக்குப் பின்னால் என்ன வருகிறது என்று தெரியாததுதான் அவளை உலுக்கியது. ஆட்கள் அவளைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"வந்துச்சும்மா!" என்று அலறினாள். "போன வாட்டி இதுக்குள்ள இடுப்பு வரைக்கும் நின்னுச்சு! நான் சொன்னது பொய்யி! உள்ள மாட்டிக்கிட்டா வெளிய வர முடியாது, கதவைத் தொறங்கம்மா!"

 தாழ்ப்பாள் விலகியது. அமராவதியின் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.  ஜான்சி அவர் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். வரப்பில் இரண்டு பேர் சேர்ந்து நடக்க இடமில்லை. ஜான்சியின் ஒரு கால் பாத்திக்குள் இறங்கி இறங்கி ஏறியது. வழியில் கொளஞ்சி நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். "கைய என் மேல போடுங்கம்மா" என்று அவரைத் தூக்காத குறையாக இழுத்துக்கொண்டு நடந்தான்.

கடல் வரவில்லை.

ரோட்டில் கூட்டம் நின்றது. அந்தமான் பக்கம் நிலம் அதிர்ந்ததாக டிவியில் எழுத்து ஓடியதாம். அதை யாரோ ஒருவர் இன்னொருவருக்குச் சொல்ல, குப்பமே கிளம்பிவிட்டது. பிரபாகரன் மகளை வண்டியின் டேங்க் மேல் உட்கார வைத்துக்கொண்டு வந்தான். ஜான்சி குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். 

சிங்காரம் அக்காவைக் காரில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். அமராவதி அவரிடம் என்னவோ சொன்னார். அவர் பிரபாகரனிடம் வந்தார்.

"வெள்ளை அடிச்சு மறைச்சீங்களா? என் அக்கா அதுக்குள்ள இருந்தாங்கய்யா!"

 ஜான்சிதான் பேசினாள்.

"ஆமாங்க. மறைச்சோம். தெரிஞ்சா வர மாட்டீங்கன்னு பயம்."

கார் போய்விட்டது.

அதற்குப் பிந்தைய நாட்கள் மோசமாக இருந்தன. சிங்காரம் திண்டிவனம் முழுக்கச் சொல்லிவிடுவார், பாக்கெட் வாங்குவதாகச் சொன்ன கடைக்காரர்கள்கூட விலகிவிடுவார்கள் என்று பிரபாகரன் புலம்பினான். போன் அடித்தால் ஜான்சி தயங்கித் தயங்கித்தான் எடுத்தாள். ஒரு மத்தியானம் அடித்த போனில் அமராவதியின் குரல் கேட்டது.

"வியாழக்கிழமை மில்லுக்கு வாங்க. ரெண்டு பேரும் வாங்க. மொதல்லேருந்து பேசணும்."

"திட்டறதுக்குத்தான் கூப்பிடுறாங்க. எனக்கு அங்க வர மூஞ்சி இல்ல" என்றான் பிரபாகரன்.

"எனக்கு மட்டும் இருக்குதா? வாங்க."

இந்தத் தடவை ஜான்சி கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்க்கவில்லை. கொளஞ்சியோடு பாத்திகளைச் சுற்றி வந்தாள். தண்ணீர் எங்கே உடைத்துக்கொண்டு வந்தது, எங்கே நின்றது, எந்த வரப்பை அகலப்படுத்தினால் ஆட்கள் சீக்கிரம் ரோட்டுக்கு வரலாம் என்று கேட்டுக்கொண்டாள். பெருமுக்கல் பக்கம் மேடான இடத்தில் பூட்டிக் கிடந்த ஒரு பழைய குடோனைப் போய்ப் பார்த்தாள்.

மில் ஆபீசில் நெல் வேகும் வாடை அடித்தது. சிங்காரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.  ஜான்சி உட்கார்ந்தபடியே பேசினாள்.

"போன டிசம்பர்ல எங்க பாத்தியில பாதி முழுகிடுச்சுங்க. சேறு வாரவே ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு." அங்கிருந்து ஆரம்பித்தாள். மெஷினை உப்பளத்தில் வைக்கப்போவதில்லை, பெருமுக்கல் பக்கம் வைக்கப்போகிறோம் என்றாள். உப்பை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வருவதால் செலவு கூடும், லாபம் முதலில் சொன்ன அளவு இருக்காது என்றாள். எல்லாவற்றுக்கும் முன்னால் வரப்பை அகலப்படுத்த வேண்டும் என்றாள்.

"இன்னொரு வாட்டி வந்தா?" என்றார் சிங்காரம்.

"அந்த வருசத்து உப்பு போயிடும் ஐயா. அதுக்கு என்கிட்ட பதில் இல்லீங்க. மெஷின் நிக்கும். ஆளுங்க ரோட்டுக்கு வந்துடுவாங்க."

சிங்காரம் கட்டியிருந்த கையைப் பிரித்தார். பிறகு, "என்னால முடியாதும்மா. உன் மேல கோவம் இல்ல. ஆனா அந்த ஷெட்டுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டேன்னு அக்கா சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒடம்பு ஆடுது. நான் இதுல வரல" என்று எழுந்து மில்லுக்குள் போய்விட்டார்.

ஜான்சி எழுந்து, கொண்டுவந்த உப்புப் பாக்கெட்டுகளைப் பையில் போட ஆரம்பித்தாள்.

"உட்காரும்மா" என்றார் அமராவதி. "அவன் வரலன்னு சொன்னான். நான் சொல்லல. அன்னிக்கு நீ பேசாம ரோட்டுக்கு ஓடியிருந்தா உன் பொய்யி யாருக்கும் தெரிஞ்சிருக்காது. திரும்பி வந்து கத்தினியே, அதைத்தான் இத்தனை நாளா நெனைச்சிட்டிருந்தேன். அதுக்காக உன்னை முழுசா நம்பிட்டேன்னு நெனைக்காத. என்னால பாதிதான் போட முடியும். சின்ன மெஷினாப் பாரு. மாசா மாசம் நானே வந்து பார்ப்பேன்."

பிரபாகரன் கைகூப்பினான். ஜான்சிக்கு என்ன சொன்னோம் என்று நினைவில்லை. வெளியே வந்து மில் காம்பவுண்டு ஓரம் குனிந்து வாந்தியெடுத்தாள். காலையில் குடித்த காபி மட்டும்தான் வந்தது. பிரபாகரன் பக்கத்துக் கடையில் சோடா வாங்கிக்கொண்டு வந்து அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டான்.

"அதான் சரின்னுட்டாங்களே, இன்னும் என்ன பயம்?"

"இப்பதாங்க அதிகமா இருக்குது. அவங்க பணம் இது."

அவன் சோடாவை அவளிடம் நீட்டினான். "அன்னிக்கு உன்ன விட்டுட்டுப் போயிட்டேன்" என்றான்.

"பாப்பாவைத்தானே பாக்கப் போனீங்க."

"உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்."

அவள் சோடா பாட்டிலை வாங்கிக் கொஞ்சம் குடித்தாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் மரக்காணம் வண்டி ஹாரன் அடித்தது. பள்ளிக்கூடம் விடுவதற்குள் போய்ச் சேரவேண்டும் என்று இருவரும் வேகமாக நடந்தார்கள்.