சோமசேகரத்தின் அல்லித் தடாகம்

சோமசேகரம் முப்பத்திரண்டு வருடம் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் படவரைஞராக இருந்தவர். பாலமும் மதகும் கீறியே கண்ணாடி தடித்த மனிதர். இளைப்பாறிக் கொக்குவிலுக்கு வந்ததும் செய்த முதல் வேலை, வளவின் முன்பக்கத்தை ஒன்றுக்கு நூறு என்ற அளவில் கீறி, மை போட்டு, வடக்கு எது என்று அம்புக்குறியும் இட்டதுதான். பிறந்ததிலிருந்து அதே வளவில் நடமாடுகிற மனைவி கமலாவதிக்கு வடக்கு தெரியாமல் போய்விடும், பாருங்கள்.

வளவு கமலாவதிக்குச் சீதனமாக வந்தது. காணி உறுதி அவள் பேரில். ஆனால் படத்தின் மூலையில் 'உரிமையாளர்' என்ற இடத்தில் ஐயா தன் பேரைத்தான் முத்து முத்தாக எழுதியிருந்தார்.

நுவரெலியாவில் வேலை பார்த்த காலத்தில் எவனோ ஒரு வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன பங்களாத் தோட்டத்தில் மனசைப் பறிகொடுத்தவர் அவர். ஓரத்தில் குரோட்டன், நடுவில் புல்தரை, புல்தரைக்கு நடுவே அல்லி மிதக்கும் தடாகம். ஓயாமல் மழை பெய்கிற மலையில் வளர்ந்தது கொக்குவில் வெயிலிலும் வளரும் என்று தீர்மானித்துவிட்டார். கத்தரியும் வெண்டியும் முருங்கையும் படத்தில் வீட்டுக்குப் பின்னால் கோடிப்பக்கம் துரத்தப்பட்டன. மாடு கட்டாத வளவில் புல் யாருக்கு, நீங்களா மேயப்போகிறீர்கள் என்று கமலாவதி கேட்டாள். தடாகத்தை அவள் தடாகம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. வெறும் பள்ளத்தைச் சொல்வதுபோல் கிடங்கு என்பாள்.

குரோட்டன் பட்டுப்போனாலும் அவர் தாங்குவார். உயிர் முழுக்கத் தடாகத்தில்தான் இருந்தது. கீரிமலைப் பக்கத்துக் கேணி ஒன்றில் அல்லிக் கிழங்கு கேட்டு வாங்கி, ஈரச்சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். கைக்குழந்தை என்று நினைத்து ஒருவர் எழுந்து இடமும் விட்டாராம். பிள்ளையில்லாத மனிதர் அதை மறுக்காமல் இருந்துகொண்டார். கிழங்கு விறாந்தையில் வாளித் தண்ணீரில் கிடந்து தடாகத்துக்குக் காத்திருந்தது.

இது எண்பத்தேழாம் ஆண்டு மாசி மாதம். கிணறு வெட்டும் பஞ்சலிங்கம் அலவாங்கும் மண்வெட்டியுமாக வந்தான். அல்லிக்கு இரண்டடி போதும் என்று சொல்லிப் பார்த்தான். படத்தில் நாலரை அடி என்று இருக்கும்போது கிணறு வெட்டுகிறவனின் பேச்சு எடுபடுமா? விறாந்தையிலிருந்தும் பார்க்கவேண்டும், முன்னறை யன்னலிலிருந்தும் பார்க்கவேண்டும் என்பதற்காக 'ட' வடிவத்தில் வெட்டுவித்து, சீமெந்தும் பூசுவித்தார்.

அந்த மாதம் யாழ்ப்பாணத்தில் வேறு சில காரியங்களும் நடந்தன. சோமசேகரத்துக்கு அவற்றைக் கவனிக்க நேரமில்லை. கோட்டை ஆமி முகாமிலிருந்து ஷெல் வந்து விழுந்தது. ஹெலி சுற்றிச் சுற்றிச் சுட்டது. ஊரெல்லாம் பதுங்குவதற்குப் பங்கர் வெட்டியது. ஒழுங்கையால் போனவர்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து வியந்தார்கள். நேராக வெட்டிய பங்கரில் ஷெல் துண்டு இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓடும், 'ட' என்றால் மூலையோடு நின்றுவிடும். படித்த மனிசன் முதலே யோசித்திருக்கிறார்! இது தடாகம் என்று அவர் ஒவ்வொருவருக்கும் விளக்கினார். ஓமோம், வெளியில் அப்படித்தான் சொல்லவேண்டும் என்று கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனார்கள்.

தண்ணீர் விட வெள்ளிக்கிழமையில் நல்ல நேரம் பார்த்திருந்தார். அன்று காலை பக்கத்து வளவு மார்க்கண்டு பங்கருக்கு மேலே அடுக்கி மூட ஒரு வண்டில் பனங்குற்றியோடு வந்து நின்றார். பின்னால் அவர் மகள் குணலட்சுமி, எட்டு மாத வயிற்றோடு. மார்க்கண்டரின் வளவில் ஓரடிக்குக் கீழே ஒரே கல். இரண்டு அலவாங்கு முறிந்ததுதான் மிச்சம். அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டால்தானே இல்லை என்று சொல்ல? தன்பாட்டுக்குக் குற்றிகளை இறக்கத் தொடங்கினார்.

சோமசேகரம் குறுக்கே போய் நின்றார். முப்பத்திரண்டு வருடம் ஊராருக்குக் கீறிக் கொடுத்தவர் தனக்கென்று கீறியது இது ஒன்றுதான். இது தடாகம் என்றார். மார்க்கண்டர் அவரை விட்டுவிட்டுக் கமலாவதியைப் பார்த்தார். வளவுக்காரி அவள்தானே.

கமலாவதி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். இத்தனை நாளும் கிடங்கு என்று பழித்தவளுக்கு அதை மூடிவிட இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்கப்போவதில்லை.

"வளவு என்ரைதான், மார்க்கண்டண்ணை. ஆனால் தடாகம் அவரின்ரை. அவரைக் கேளுங்கோ."

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். குணலட்சுமி மட்டும் பார்க்கவில்லை. அவள் விளிம்பில் குந்தியிருந்து, வயிற்றை ஒரு கையால் பிடித்தபடி, அடியில் கால் எட்டுமா என்று மெல்லக் காலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டவில்லை.

சோமசேகரம் வாளியைப் பார்த்தார். கிழங்கு ஒரு குருத்து விட்டிருந்தது. அதைப் பார்க்க அவருக்கு அழுகையே வந்தது. பிறகு மார்க்கண்டர் குற்றி அடுக்குகிற விதத்தைப் பார்த்தார். மனிசன் நெடுக்காக அடுக்கிக்கொண்டிருந்தார்! பாலம் கீறியவர் எவ்வளவு நேரம்தான் பொறுப்பார்?

"குறுக்கை போடும், மார்க்கண்டு. நெடுக்கை போட்டால் மேலை கொட்டுற மண் பாரத்துக்கு இறங்கிப்போகும். உந்த மூலையிலை கல்லடுக்கிப் படி கட்டவேணும். பிள்ளை இறங்கவேணுமெல்லே."

உள்ளே போய்ப் படத்தை விரித்தார். சவரப் பிளேட்டால் 'தடாகம்' என்ற எழுத்தைச் சுரண்டி எடுத்தார். அந்த இடத்தில் வேறு எதையும் எழுத மனம் வரவில்லை.

ஐந்தாம் நாள் மத்தியானம் ஹெலி வந்தது. ஒழுங்கையிலுள்ள பதினாலு பேர் இறங்கினார்கள். குணலட்சுமி படியில் கால்வைத்து முதலாவதாக இறங்கினாள். இரண்டு ஷெல் கிட்டத்தான் விழுந்தது. குற்றி அசையவில்லை. உள்ளே நல்ல காற்றோட்டம் என்று எல்லாரும் மெச்சினார்கள். நுவரெலியாத் துரைக்கு இந்தப் பாராட்டுக் கிடைத்திருக்காது.

எல்லாரும் போனபிறகுதான் விறாந்தையில் வாளி இல்லாததைக் கண்டார். கிழங்கையும் கமலாவதி குப்பையில் எறிந்துவிட்டாள் என்று நினைத்து விறுவிறென்று கோடிப்பக்கம் போனார்.

கத்தரிப் பாத்தியின் நடுவில் பத்துக் கன்றைப் பிடுங்கிவிட்டு, கழுத்தளவுக்குப் புதைத்து வைத்திருந்தாள், தன் நெல்லவிக்கிற வாயகன்ற பெரிய கிடாரத்தை. தாய் கொடுத்தது. கூடப்பிறந்த தமக்கைக்கே ஒருநாளும் இரவல் கொடுக்காதது. அது நிறையத் தண்ணீர். தண்ணீரில் அல்லியின் மூன்று இலைகள்.

நெல் எதிலே அவிப்பாய் என்று கேட்கத்தான் அவருக்கு வாய் வந்தது. அக்காவிடம் இரவல் கேட்கலாம் என்றாள் அவள், கூச்சமே இல்லாமல்.

"இதையும் படத்திலை கீறுங்கோ. வடக்குப் பக்கம்."

சோமசேகரம் மைப்போத்தலைத் தேடிக்கொண்டு உள்ளே போனார். பிளேட்டையும் எடுத்தார். 'உரிமையாளர்' என்ற இடத்தில் ஒரு பேரைச் சுரண்டவேண்டியிருந்தது.