கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு பேருந்து

தெருவிழாவுக்குக் காரில் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். வண்டியை நிறுத்த இடம் தேடி ஊரை மூன்று சுற்று சுற்றுவார்கள். கடைசியில் யார் வீட்டு வாசலிலோ நிறுத்திவிட்டு, அந்த வீட்டுக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, வியர்க்க விறுவிறுக்க நடந்து வந்து சேரும்போது ஊர்வலத்தின் வால்தான் மிச்சமிருக்கும். எனக்கு அந்தத் தலையெழுத்து இல்லை. இருபத்திரண்டு வருடமாகப் பேருந்து அலுவலகத்தில் நேர அட்டவணை போடுகிறவள் நான். எந்த வண்டி எந்த நிறுத்தத்தில் எத்தனை விநாடி நிற்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பொம்மை ஊர்வலம், சைக்கிள் ஊர்வலம், விளக்கு ஊர்வலம், எதுவானாலும் பேருந்துதான். போகும்போது இடது பக்க ஜன்னல். திரும்பும்போது எதிர்த் திசையில் இரண்டு நிறுத்தம் நடந்துபோய், கூட்டம் ஏறுவதற்கு முன்பே ஏறி, உட்கார்ந்துகொண்டு வருவேன். என் வீட்டுக்காரர் இதைக் கர்வம் என்பார். கர்வம்தான், இல்லையென்று யார் சொன்னது?

இந்த வருடத் தெருவிழாவுக்கும் கொழுந்தன் காரைக் கொண்டுவருவதாகச் சொன்னார். "வேண்டாம்பா, நீங்க வந்து சேர்றதுக்குள்ள நாங்க பாத்துட்டு வீட்டுக்கே வந்திடுவோம்" என்று நான் போனை வைத்துவிட்டேன். இந்த முறை நான் சரியான நேரத்துக்குப் போய்ச் சேருவது விளையாட்டுக் காரியம் இல்லை.

என் தங்கை சலவை நிலையத்தில் இஸ்திரி போடுகிறாள். வாரம் இரண்டு நாள் பேண்டு குழுவில் பெரிய டிரம் வாசிக்கிறாள். போன வருட ஊர்வலத்தில் அவள் தனியாக வாசிக்க வேண்டிய இடம் வந்தது. மொத்தக் குழுவும் ஓய்ந்து வழிவிட்டது. இவள் குச்சியை ஓங்கியவள் ஓங்கியபடியே நின்றுவிட்டாள். ஒரு அடிகூட விழவில்லை. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். டிரம்மைக் கழற்றி நடுத்தெருவில் வைத்துவிட்டுச் சந்துக்குள் புகுந்து, சீருடையோடு பேருந்து ஏறி வீட்டுக்கு வந்துவிட்டாள். அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. ஒரு மாதம் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

குழுவை நடத்துகிற பேக்கரிக்காரர் நல்ல மனிதர். இந்த வருடமும் அவளையே கூப்பிட்டார். ஆனால் பட்டென்று சொல்லியும்விட்டார்: "இந்தத் தடவையும் நின்னுட்டீங்கன்னா, என்னால குழுவுக்குப் பதில் சொல்ல முடியாதும்மா. டிரம்மை வேற ஆளுக்குத்தான் குடுக்கணும்."

நான்கு மாதம் என் சமையலறை மேசையில்தான் பயிற்சி. இரண்டு குச்சியை வைத்துக்கொண்டு அவள் மேசையைத் தட்டுவாள். நான் அடுப்படியில் இருப்பேன். நாலு அடி அவள் அடித்தால், கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்பதற்கு நான் கரண்டியால் குழம்புச் சட்டியில் டக், டக் என்று இரண்டு தட்டுவேன். அவள் மேலே போவாள். எப்படியோ அதுவே பழக்கமாகிவிட்டது. ஒருநாள் நான் போனில் பேசிக்கொண்டிருந்து தட்ட மறந்துவிட்டேன். அவளும் அப்படியே நிறுத்திவிட்டாள்.

"என்னடி, வாசிக்க வேண்டியதுதானே?"

"நீ தட்டலையேக்கா."

விழாவுக்கு முந்தின நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "மணிக்கூண்டு முனையிலதான் நான் தனியா வாசிக்கணும். நீ இடது பக்கம் முதல் வரிசையில நில்லு. உன் மூஞ்சியப் பாத்தா அடிச்சிடுவேன். பாக்கலேன்னா முடியாதுக்கா, சத்தியமா."

"நான் நிக்காம வேற எவ நிப்பா? போய்த் தூங்கு" என்றேன்.

ஊர்வலம் மூன்று மணிக்கு மைதானத்திலிருந்து புறப்படும். மூன்றரைக்கு மணிக்கூண்டு முனைக்கு வரும். அதற்காக மெயின் ரோட்டு வண்டிகளை இரண்டு மணியிலிருந்து பின்தெரு வழியாகத் திருப்பிவிடும் உத்தரவை எழுதியதே நான்தான். இங்கே ஒரு தொழில் ரகசியம் சொல்ல வேண்டும். நாங்கள் இரண்டு மணி என்று எழுதினால், டிரைவர்கள் மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும் வரை பழைய வழியிலேயே ஓட்டுவார்கள். போலீஸ் தடுப்பு வைத்த பிறகுதான் திரும்புவார்கள். அது தெரிந்துதான் நாங்களும் முன்கூட்டியே எழுதுவோம். ஆகவே இரண்டு இருபது வண்டியைப் பிடித்தால் இரண்டே முக்காலுக்கு மணிக்கூண்டு முனையில் கால் வைக்கலாம் என்பது என் கணக்கு. நான் எழுதிய உத்தரவை யாரும் மதிக்க மாட்டார்கள் என்று நம்பிக் கிளம்பியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இரண்டு இருபது வண்டி நொடி பிசகாமல் வந்தது. வீட்டுக்காரருக்கு ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுத்து, முன்னால் டிரைவர் சீட்டைப் பார்த்தேன். அங்கே உட்கார்ந்திருந்தது 'சட்டம்'.

டெப்போவில் அவருக்கு அதுதான் பெயர். காகிதத்தில் என்ன இருக்கிறதோ அதைத்தான் செய்வார். மஞ்சள் கோட்டுக்கு ஒரு விரல் தள்ளி நிற்கிறவரை ஏற்ற மாட்டார். வழக்கமாக இந்த வண்டியை ஓட்டுகிறவர் மகளுக்குக் காய்ச்சல் என்று லீவு போட்டிருக்கிறார். வண்டி மைதானத்துக்கு முந்தின திருப்பத்துக்கு வந்தது. தடுப்பு இல்லை, போலீஸ் இல்லை, மெயின் ரோடு துடைத்து வைத்த மாதிரி காலியாகக் கிடந்தது. சட்டம் இண்டிகேட்டரைப் போட்டுப் பின்தெருவுக்குள் திருப்பினார்.

நான் எழுந்து ஓடினேன். "சார், ரோடுதான் காலியா இருக்கே! நேரா போகலாமே!"

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "ரெண்டு மணிலருந்து மாற்றுப் பாதை, மேடம். நீங்கதானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"சரி, இங்கேயே இறக்கி விட்டுடுங்க. நான் நடந்துக்கிறேன்."

"மாற்றுப் பாதையில எங்கயும் நிறுத்தக் கூடாது. நாலாவது வரி."

நாலாவது வரியும் என்னுடையதுதான். பின்தெருவில் நடைபாதை கிடையாது, இறங்குகிறவர்கள் அடிபடுவார்கள் என்று யோசித்து யோசித்து எழுதிய வரி. 'மீறினால் விளக்கம் கேட்கப்படும்' என்ற கடைசி வரி வேறு. டிரைவர்கள் என் உத்தரவைக் காற்றில் விடுகிறார்கள் என்று போன மாதம் கூட்டத்தில் நான்தான் வாய் கிழியப் பேசிச் சேர்க்க வைத்தேன்.

பின்தெருவில் கொஞ்ச தூரம் போனதும் வண்டி நின்றே விட்டது. முன்னால் ஒரு அலங்கார லாரி. அதன் உச்சியில் இருந்த அட்டை மயில் மின்கம்பியில் மாட்டிக்கொண்டு முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் நின்றது.

"இப்பதான் வண்டி நிக்குதே, கதவைத் திறங்க!" என்றேன்.

"இது நிறுத்தம் இல்ல மேடம், நெரிசல்."

வீட்டுக்காரர் என் காதோடு சொன்னார்: "தம்பி கார்ல போயிருந்தா..."

"வாயத் திறந்தீங்கன்னா பாருங்க."

மூன்று மணி ஆயிற்று. மைதானத்தில் பேண்டு முழங்க ஆரம்பித்தது ஜன்னல் வழியாகக் கேட்டது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் இடது பக்கம் திரும்பிப் பார்ப்பாள், நான் இருக்க மாட்டேன். இந்த ஊர் வண்டிகளையெல்லாம் நேரத்துக்கு ஓட வைக்கிறவள், கூடப் பிறந்தவளுக்கு மட்டும் நேரத்துக்குப் போகவில்லை என்று ஆகிவிடும்.

மூன்றேகாலுக்கு ஒரு போலீஸ்காரர் வியர்வையைத் துடைத்தபடி வந்தார். "மயில் இப்போதைக்கு எறங்காது. பின்னால வேற வண்டி சேருது. வலது பக்கம் திரும்பி மெயின் ரோட்டுக்குப் போயிடுங்க. ஊர்வலம் தாண்டிடுச்சு, பின்னாலயே மெதுவா போங்க."

"அப்படி உத்தரவு இல்லையே சார்" என்றார் சட்டம்.

"நான்தான் சொல்றேனே!"

"எழுத்துல வேணும் சார்."

போலீஸ்காரர் வானத்தைப் பார்த்தார். சட்டம் என்னைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. எழுதியவள் மாற்றி எழுதலாமே!

"அந்த டிரிப் ஷீட்டைக் குடுங்க" என்றேன். அதன் முதுகில், 'மாற்றுப் பாதை அடைபட்டதால் ஊர்வலத்தின் கடைசி வரிசைக்குப் பின்னால் இருபது அடி தள்ளி நடை வேகத்தில் செல்லவும்' என்று எழுதி, நேரம் குறித்து, கையெழுத்துப் போட்டேன். அவர் ஒரு எழுத்து விடாமல் படித்தார்.

"அப்ப நீங்க கடைசி வரைக்கும் வண்டியிலயே இருக்கணும் மேடம். உத்தரவு போட்டவங்க நடுவுல எறங்கிட்டா நான் யாரைக் கேப்பேன்?"

இறங்கினாலும் பிரயோஜனம் இருந்திருக்காது. மெயின் ரோட்டுக்குள் நுழைந்ததும் பார்த்தேன், இரண்டு நடைபாதையிலும் எள் போட்டால் எள் விழாத கூட்டம். அதைப் பிளந்துகொண்டு ஊர்வலத்தை முந்துவது நடக்கிற காரியம் இல்லை.

முன்னால் இருபது அடி தூரத்தில் கடைசிக் குழு போய்க்கொண்டிருந்தது. நீலச் சீருடை. அது பேக்கரிக்காரரின் குழு. அதன் கடைசி வரிசையில், நடுவில், பெரிய டிரம். அந்தப் பின்கழுத்தை எனக்குத் தெரியாதா? அதற்கு எத்தனை வருடம் எண்ணெய் தேய்த்துப் பின்னல் போட்டிருக்கிறேன்!

கூட்டம் எங்கள் பேருந்தையும் ஊர்வலத்தில் சேர்த்துக்கொண்டது. "பஸ் வருது! பஸ் வருது!" என்று கைதட்டினார்கள். காகிதப் பூக்கள் ஜன்னல் வழியாக வந்து விழுந்தன. வண்டிக்குள் காய்கறிப் பையோடு இருந்த ஒரு அம்மா முதலில் வெட்கப்பட்டார், பிறகு ஒரு முருங்கைக்காயை எடுத்துக் கொடி மாதிரி ஆட்டினார். சுருட்டிய மெத்தையோடு நின்றவர் மெத்தைக்கு மேலாகக் கும்பிட்டார். என் வீட்டுக்காரரோ ஜன்னலில் பாதி உடம்பை வெளியே விட்டுத் தேர்தலில் ஜெயித்தவர் கணக்காகக் கையசைத்துக்கொண்டிருந்தார். நான் மட்டும் அந்தப் பின்கழுத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மணிக்கூண்டு முனை வந்தது. குழு ஓய்ந்தது. எக்காளங்கள் இறங்கின. தங்கையின் தலை இடது பக்கம் திரும்பியது.

அது திரும்பியபடியே இருந்தது. முதல் வரிசை முழுக்கத் தேடியது. குச்சிகள் மேலே ஏறி, அங்கேயே நின்றன. பேக்கரிக்காரர் திரும்பிப் பார்த்தார். ஒருவேளை நாலு விநாடிதான் இருக்கும். அட்டவணையில் நாலு விநாடிக்கு நாங்கள் கட்டம்கூடப் போடுவதில்லை.

"இங்க இருக்கேன்டி!" என்று கத்தினேன். கூட்டத்தின் இரைச்சலில் அது என் காதுக்கே கேட்கவில்லை.

"சார், ஹாரன் அடிங்க! ரெண்டு தடவை!"

"ஊர்வலப் பகுதியில ஹாரன் கூடாது மேடம். ஆறாவது..."

"தெரியும், நான்தான் எழுதினேன்! அடிங்க, எழுதித் தரேன். அங்க நிக்கிறது என் தங்கச்சி!"

அவர் முன்னால் ஓங்கியபடி நின்ற குச்சிகளைப் பார்த்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு உள்ளங்கையை ஹாரன் மேல் வைத்து, அளவாக, ஒரே இடைவெளியில் இரண்டு அடித்தார். என் கரண்டிகூட அவ்வளவு சுத்தமாகத் தட்டியதில்லை.

அவள் முதுகு நிமிர்ந்தது. அணிவகுப்பில் பின்னால் திரும்பக் கூடாது, அவளும் திரும்பவில்லை. தலை நேராக வந்தது. நாலு அடி விழுந்தது. வண்டிக் கண்ணாடி அதிர்ந்தது.

சட்டம் என்னைக் கேட்காமலேயே இரண்டு அடித்தார்.

மறுபடி நாலு. இந்த முறை காய்கறி அம்மா கம்பியைத் தட்டினார், மெத்தைக்காரர் தட்டினார், மொத்த வண்டியும் சேர்ந்து தட்டியது. அதற்கப்புறம் அவளுக்கு யாரும் தட்ட வேண்டியிருக்கவில்லை. தெருவே தன்னுடையது என்கிற மாதிரி முழுசாக வாசித்து முடித்தாள். கூட்டம் கத்திய கத்தலில் நான் அழுததை யாரும் பார்க்கவில்லை. வீட்டுக்காரர் மட்டும் பார்த்துவிட்டு, கைக்குட்டையை நீட்டி, காரைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் இருந்தார்.

ஊர்வலம் ஆற்றங்கரையில் முடிந்தது. அங்கே எங்களுக்கு முறையான நிறுத்தம் உண்டு. சட்டம் கதவைத் திறந்தார். தங்கை டிரம்மோடு படியில் ஏறி என்னைக் கட்டிக்கொள்ளப் பார்த்தாள், டிரம் நடுவில் இடித்தது.

"மூஞ்சியக் காட்டுன்னுதானேக்கா சொன்னேன்? பஸ்ஸையே எடுத்துட்டு வரச் சொன்னேனா?" என்றாள், சிரித்துக்கொண்டும் மூக்கை உறிஞ்சிக்கொண்டும்.

"நான்தான்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நாலுக்கு ரெண்டு வேற யார் தட்டுவா?"

திங்கட்கிழமை என் மேசையில் ஒரு தாள் இருந்தது. சட்டம் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்திருந்தார்: தடை செய்யப்பட்ட பகுதியில் ஹாரன், நான்கு முறை, முதல் இரண்டு மேடம் சொல்லி, அடுத்த இரண்டு தானாக. என் கடைசி வரியின்படி விளக்கம் கேட்டிருந்தார்கள். நான் பேனாவை எடுத்து எழுதினேன்: 'நான்குமே என் பொறுப்பு. தேவை இருந்தது, அடிக்கச் சொன்னேன். அடுத்த வருடமும் என் தங்கைதான் டிரம் வாசிக்கிறாள். கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு பேருந்து ஓட்டுவதற்கான அட்டவணை இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.'