பன்னிரண்டாம் அறைக்கான குறிப்பு

"அந்தப் படிவத்தைக் கிழிச்சுப் போடுன்னு எத்தனை தடவை சொல்றது?" கணவன் வில்னேர் காபிக் கோப்பையை வைத்த வேகத்தில் மேசைத் துணி நனைந்தது.

மிர்லாந்த் குனிந்து காலணி நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். இதற்கு மேல் சண்டை போடத் தெம்பில்லை. "கிழிச்சா அந்தக் குறிப்பு போயிடுமா?"

"போகாது. ஆனா உன் வேலை போகாதுல்ல? ஹெய்ட்டியில இருந்து வந்தவங்கன்னாலே மூஞ்சியைச் சுளிக்கிறானுங்க. நீயா போய்ப் பேரு குடுக்கப் போறியாக்கும்!"

சர்க்கரை டப்பாவின் அடியில் ஒரு வாரமாகக் கிடக்கிறது அந்தப் புகார்ப் படிவம். எழுத்தில் ஆதாரம் இருந்தால் வழக்கு வலுவாக நிற்கும் என்று பாகுபாட்டுப் புகார்களை வாங்கும் குடிமை உரிமை அலுவலகத்துப் பெண் போனில் சொல்லியிருந்தாள். ஆதாரத்துக்கு எங்கே போவது?

இண்டியானாவின் அந்த முதியோர் இல்லத்தில் அவளுக்குப் பதினோரு வருடச் சேவகம். யாருக்கு உப்பில்லாத கஞ்சி, யாருக்குக் கைத்தடி என்று தினமும் ஒரு பணித்தாள் ஒட்டுவார்கள். இரண்டு மாதமாகப் பன்னிரண்டாம் அறைக்கு நேரே ஒரு வரி: 'கறுப்பினப் பணியாளர் வேண்டாம்.' அந்த அறையிலிருக்கும் கெஸ்லர் அம்மாளுடைய மகனின் விருப்பம். உப்பு வேண்டாம் என்பதைப் போலவே அதையும் எழுதிக்கொண்டார்கள், புண்ணியவான்கள். சோதனைக்கு ஆள் வரும் நாளில் தாள் இழுப்பறைக்குள் போய்விடும். படம் எடுக்கலாமென்றால் வார்டில் செல்போன் எடுத்தாலே வேலை காலி.

இனம், நிறம், பிறந்த நாடு பார்த்து வேலையில் பாகுபாடு கூடாது, வாடிக்கையாளர் விருப்பம் என்பதெல்லாம் சாக்காகாது என்கிறது சட்டம். அந்தச் சட்டத்தின் அறிவிப்பு சாப்பாட்டு அறைச் சுவரில்தான் தொங்கியது. அதன் மேல் யாரோ பீட்சாக் கடைச் சீட்டைக் குத்தி வைத்திருந்தார்கள்.

அன்று மதியம் பன்னிரண்டாம் அறையில் தொப்பென்று சத்தம். கெஸ்லர் அம்மாள் குளியலறை வாசலில் விழுந்து கிடந்தாள். அந்த அறைக்குரிய வெள்ளைக்காரப் பணிப்பெண் டாமி வாகன நிறுத்தத்தில் சிகரெட் பிடிக்கப் போயிருந்தாள். முறைப்படி மிர்லாந்த் ஓடிப்போய் அவளைக் கூட்டி வர வேண்டும். போன வாரம் அப்படித்தான் போனாள்; திரும்பி வருவதற்குள் கிழவி ஈரத்தில் கிடந்து அழுதுகொண்டிருந்தாள். இன்று மிர்லாந்தால் அப்படிப் போக முடியவில்லை. நேரே உள்ளே போனாள். மணியை அழுத்தினாள். தலைக்குத் தலையணை வைத்தாள்.

"யாரது?"

"மிர்லாந்த்மா."

"நீ இங்க வரக் கூடாதே."

"தெரியும்மா. எங்க வலிக்குது?"

"இடுப்புல." கிழவி அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "போயிடாத, என்ன?"

நர்ஸ் வரும்வரை அவள் போகவில்லை.

சாயங்காலம் மேலாளர் பிரெண்டா கூப்பிட்டாள். கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது. எல்லாரையும் கண்ணு என்றுதான் அழைப்பாள்.

"உன் மனசு நல்ல மனசு கண்ணு. நான் இல்லேங்கல. ஆனா நடைமுறைன்னு ஒண்ணு இருக்கே? அந்தம்மா மகன் போன்ல கத்தித் தீர்த்துட்டாரு."

இந்தத் தொழிலில் எழுதாதது எதுவும் நடக்காதது. ஆகவே பிரெண்டா எழுதியிருந்தாள், ஒரு பிழை இல்லாமல், நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட தாளில்: 'பன்னிரண்டாம் அறைக்குள் கறுப்பினப் பணியாளர் செல்லக் கூடாது என்பது பராமரிப்புத் திட்டம். மேற்படிப் பணியாளர் கறுப்பினத்தவராயிருந்தும், இதை அறிந்தே உள்ளே சென்றார். மீண்டும் நிகழ்ந்தால் பணிநீக்கம்.' கீழே தேதி, கையெழுத்து.

மிர்லாந்த் ஒருமுறை படித்தாள். நம்பமுடியாமல் மறுபடியும் படித்தாள். சோதனை நாளெல்லாம் இழுப்பறைக்குள் ஒளித்து வைத்ததை இவளே எடுத்து நீட்டுகிறாளே!

"கையெழுத்து போட்டா தப்பை ஒத்துக்கிட்டதா ஆகாது கண்ணு. வாங்கிக்கிட்டேன்னுதான் அர்த்தம்."

போட்டாள். "எனக்கு ஒரு நகல் கிடைக்குமா?"

"தாராளமா! அது உன் உரிமையாச்சே." பிரெண்டா நகல் எடுத்தாள். ஒழுங்குக்காரி அல்லவா, அன்றைய பணித்தாளையும் இணைப்பாக வைத்துப் பின் அடித்து, உறையில் போட்டுக் கொடுத்தாள்.

வீட்டில் வில்னேர் உறையைப் பிரித்து நெடுநேரம் பார்த்தான். "இதை அவளே எழுதினாளா?"

"அவளேதான். பின்கூட அடிச்சுக் குடுத்தா." களைப்பில் அவளுக்குச் சிரிப்புகூட வரவில்லை. சர்க்கரை டப்பாவை நகர்த்திப் படிவத்தை எடுத்தாள்.

அவன் கிழிக்கச் சொல்லவில்லை. மேசைத் துணியில் காலையில் சிந்திய காபிக் கறையைத் துடைத்துவிட்டான். அவள் தன் பெயரை எழுதத் தொடங்கியபோது மெல்லக் கேட்டான்:

"அந்தக் கிழவிக்கு அடி பலமா?"

"இடுப்பெலும்பு முறிஞ்சிருக்காம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க."

வில்னேர் தாளை இருபக்கமும் புரட்டிப் பார்த்தான். "அந்தம்மா விழுந்தது இதுல எங்கயும் இல்லையே?"

"அதை மட்டும் எழுதல."