சுடாத கால்

திரௌபதி அம்மன் கோயில் தீமிதிக்கு மணலூர்பேட்டையே திரண்டு வந்திருந்தது. அம்சவள்ளி மட்டும் அம்மனைப் பார்க்கவில்லை. மஞ்சள் வேட்டியோடு வரிசையில் நின்ற புருஷன் தனசேகரனின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலது காலில் சுண்டுவிரல் இல்லை.

போன வருஷத் தீமிதியின் கைங்கரியம் அது. எல்லோரும் தணலில் விழுந்தடித்து ஓட, இந்த மனுஷன் மட்டும் மாப்பிள்ளை ஊர்வலம் போல நிதானமாக நடந்தார். ஊரே கையெடுத்துக் கும்பிட்டது. புண் அழுகி விரலை எடுத்தபோது ஆஸ்பத்திரி நர்ஸ் விளக்கினாள்: "கால்ல சுட்டா, அந்தச் சேதி நரம்பு வழியா முதுகுத்தண்டுல ஏறி மூளைக்குப் போவணும்க்கா. அப்பதான் சுடுதுன்னே தெரியும். சக்கரை இவரு நரம்பக் கெடுத்துடுச்சு. சேதி போறதில்ல. இன்னொரு தபா புண்ணாச்சுன்னா காலையே எடுக்க வேண்டியதுதான்."

தனசேகரன் காதில் இது ஏறினால்தானே! "ஆத்தா சூட்ட வாங்கிக்கினா. நரம்பாம், சேதியாம்!" என்று சிரித்தார். இந்த வருஷம் குண்டத்தின் நடுவிலேயே நின்று கும்பிடுவதாக வேண்டிக்கொண்டு காப்பும் கட்டிவிட்டார். அம்சவள்ளி கெஞ்சினாள், சண்டை போட்டாள். மனுஷன் மசியவில்லை.

பம்பை முழங்கியது. அவர் இறங்கினார். சொன்னபடியே நடுக்குண்டத்தில் கைகூப்பி நின்றேவிட்டார். கூட்டம் "கோவிந்தா!" என்று ஆர்ப்பரித்தது.

"நின்னுக்கினு இருக்காதீங்க! ஓடுங்க!" அம்சவள்ளி கத்தியது பம்பைச் சத்தத்தில் அமுங்கிப்போனது. அவர் காலடியிலிருந்து புகை வந்தது. முகத்திலோ சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"காப்பு கட்டாம எறங்காத!" என்று யாரோ புடவையைப் பிடித்து இழுத்தார்கள். உதறிவிட்டுத் தணலில் கால் வைத்தாள். முதல் எட்டிலேயே சூடு உச்சந்தலையில் போய் இடித்தது. அலறிக்கொண்டே ஓடி, அவரை முதுகில் கைவைத்து நெட்டித் தள்ளிக்கொண்டு போனாள். குண்டத்தின் முடிவில், கால் நனைக்கப் பால் ஊற்றியிருந்த குழியில் இருவரும் விழுந்தார்கள்.

"இன்னாடி பண்ணிட்ட? சாமி குத்தம்டி!" என்று சீறினார்.

அவள் தன் பாதங்களைப் பிடித்துக்கொண்டு பச்சைப்பிள்ளை மாதிரி அழுதாள். "எரியுதே… தாங்க முடியலயே…"

"நாலு எட்டுதான வெச்ச?"

திகைத்துப்போய் அவள் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். கொப்புளம். பிறகு மெதுவாகத் தன் பாதத்தைத் திருப்பினார். தோல் உரிந்து சதை வெளுத்திருந்தது. விரலால் தொட்டார். அழுத்தினார். இன்னும் பலமாக அழுத்தினார். அவர் முகம் செத்துப்போனது.

"வள்ளி, ஒண்ணுமே தெரியலடி" என்றார். "என்னிய ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போடி."