பதினைந்து நிமிடம் அசையாமல்

2025ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள், சனிக்கிழமை, மாலை ஐந்தரை மணிக்குக் குரங்கணியில் காப்பிக்கொட்டை உலர்த்தும் தகரக் கொட்டகையொன்றில் போடி ஓவிய வட்டத்தார் பதினான்கு பேர் வரைபலகைகளோடு உட்கார்ந்திருந்தனர். ஆடல் பாடல் மேடைகளில் ஆடும் கலைஞர்கள் மூவர், அவர்கள் பார்த்து வரைவதற்காக நிற்க இசைந்து ஜீப்பில் வந்திருந்தனர். நிபந்தனைகள் மூன்று: யாரும் படம் பிடிக்கக் கூடாது, கைபேசிகள் வாசலில் வைத்த ஒரு சுளகில், அதாவது முறத்தில், கிடக்க வேண்டும், வரைந்த தாள்களை நின்றவர்கள் பார்த்த பிறகே வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டும். பதினான்கு பேரில் ஒருவர் கிருபாராணி. வயது ஐம்பத்தெட்டு. போடியில் ஏலக்காய்க் கிடங்கு நடத்துபவர்.

அவர் விரும்பி வரவில்லை. நான்கு மாதங்களாக வட்டத்தில் குடமும் குத்துவிளக்கும் வரைந்து கொண்டிருந்தார். அவை அசையாமல் இருந்தன, அவருக்குப் பிடித்திருந்தன. சொல்லிக்கொடுக்கும் பிரதீப்தான் பிடிவாதமாக நின்றான்.

"எத்தன நாளைக்குக்கா குத்துவிளக்கையே வரைவீங்க? உசுரோட இருக்கிறத ஒரு தடவ வரைஞ்சு பாருங்க."

திருவிழா நாள்களில் ஆடல் பாடல் மேடையின் சத்தம் கேட்டாலே மாடிச் சன்னல்களை அடைத்துவிடும் வழக்கம் கிருபாராணிக்கு உண்டு. ஆயினும் அதே தெருவில் ஏலக்காய் வணிகம் செய்யும் ஸ்டான்லி வருகிறான் என்று கேட்டபின், தான் மட்டும் பயந்து ஒதுங்கியதாகப் பேச்சு வரக் கூடாது என்று கிளம்பி வந்தார். விளக்கு வெளிச்சம் எட்டாத கடைசி வரிசையில் இடம் பிடித்துக்கொண்டார்.

மழை தகரத்தில் தாளம் போட்டது. பிரதீப் ஒலிபெருக்கியைத் திறந்துவிட்டதும் மழைச் சத்தம் அடங்கிப்போயிற்று. குழுவின் தலைவி பொன்னுமணி முதலில் வந்தாள். நாற்பத்தைந்து வயது, நல்ல கனத்த உடம்பு, சிவப்பு ஜிகினாப் பாவாடை, கையில் மயிற்பீலி விசிறி. நான்கு அடி ஆடி, இடுப்பை ஒடித்து, விசிறியைத் தலைக்குமேல் விரித்து, "நில்லு!" என்று தனக்குத்தானே ஆணையிட்டு அப்படியே உறைந்தாள். ஒரு நிமிடத்துக்கு ஒரு நிலை. பதினான்கு பென்சில்களும் ஓடின.

"ஏண்ணே, கண்ணாடி போட்ட அண்ணே!" உதடு அசையாமல் பேசினாள் பொன்னுமணி. "தாளையே பாக்குறீங்களே. நான் இங்கயில்ல நிக்கிறேன்?"

ஸ்டான்லி சிவந்துபோனான். "வரையிறேம்மா, வரையிறேன்."

"கழுத்தோட நிறுத்திட்டீங்களாம்? பக்கத்துல உக்காந்திருக்கவுக சொல்றாக."

"தாள் பத்தலம்மா."

"எனக்கு எப்பவுமே தாள் பத்தாதுண்ணே. ரெண்டு தாள ஒண்ணாத் தச்சுக்கங்க!"

கொட்டகை அதிர்ந்தது. கிருபாராணியின் உதட்டோரமும் கொஞ்சம் நெகிழ்ந்தது. பபூன் அமாவாசை வந்து கழைக்கூத்தாடிபோல ஒற்றைக் காலில் நின்றான். தடுமாறி விழப்போகிறவன் போல நடித்து, விழாமலே ஒரு நிமிடத்தை ஓட்டினான். மூன்றாமவள் இளம்பெண், ரோஸ் பவுடரும் சவுரியும் உதட்டுச் சாயமுமாய் இருந்தாள். அவள் ஆட்டம் வேகமானது, உறைந்தால் கல். கிருபாராணி அவளுடைய முழங்கையின் கோணத்தை ஒரே கோட்டில் பிடித்துவிட்டார். தாளைத் தள்ளிப் பிடித்து அந்தக் கோட்டைப் பார்த்தார். இவ்வளவு உயிருள்ள ஒன்றைத் தன் கை இதற்குமுன் போட்டதில்லை என்று தோன்றியது.

"இப்பக் கடைசி நிலை. பதினஞ்சு நிமிசம்," என்றான் பிரதீப். "அதுக்கு முன்னால இவங்க ஒரு சின்ன நக்கல் கூத்து போடுவாங்க. எந்த இடத்துல நிப்பாங்கன்னு தெரியாது. தயாரா இருங்க."

இளம்பெண் ஜிகினாவுக்குமேல் ஒரு பழைய நூல்சேலையைச் சுற்றிக்கொண்டு வந்து தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். மூலையில் கிடந்த காப்பிக்கொட்டையில் இரண்டு கை அள்ளிச் சுளகில் போட்டு மடியில் வைத்துப் பொறுக்கினாள். நல்லது இந்தப் பக்கம், சொத்தை அந்தப் பக்கம். விரல்கள் பாட்டின் தாளத்துக்கு ஓடின. அமாவாசை துண்டைச் சேலையாகக் கட்டி, மூக்கின் நுனியில் கண்ணாடியும் இடுப்பில் சாவிக்கொத்துமாக, கையில் மர அளவுகோலோடு முதலாளியம்மாவாக நடந்து வந்தான். தொண்டையைக் கனைத்தான். அளவுகோலால் தன் உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டினான்.

"மணி அஞ்சர. எந்திரி. வரிசையில வா. உதறு. நல்லா உதறு. மடிச்ச எடமெல்லாம் உதறு. என் சொத்து ஒண்ணு போனாலும் நான் செத்துப்போவேன்!"

எல்லாரும் சிரித்தார்கள். கிருபாராணியும் சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார்.

"அடுத்தது!" என்றான் அமாவாசை.

அந்த ஒரு சொல்லில் அவருடைய சிரிப்பு அறுந்தது. அது அவருடைய சொல். இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒவ்வொரு மாலையும் ஐந்தரை மணிக்குக் கிடங்கின் வாசலில், பொறுக்கும் பெண்கள் வரிசையாக வந்து முந்தானையையும் கொசுவத்தையும் உதறிக் காட்டிய பின், அவர் சொல்லும் சொல். யார் பெயரையும் சொல்வதில்லை, அடுத்தது. கனைப்பும் அவருடையது. அளவுகோலும் அவருடையது.

"நில்லு!" என்று பொன்னுமணி கூவினாள்.

இருவரும் உறைந்தனர். பெண் எழுந்து நின்று இரண்டு கைகளையும் தோளுக்குமேல் தூக்கியிருந்தாள். முந்தானை விரல்களிடையே தொங்கியது. அமாவாசையின் அளவுகோல் அவள் இடுப்புச் செருகலைத் தொட்டபடி நின்றது. பாட்டு நிறுத்தப்பட்டது. மழையும் பென்சில்களின் உரசலும் மட்டும் கேட்டன.

கிருபாராணி வரையத் தொடங்கினார். வரையாமல் இருந்தால் பக்கத்திலுள்ளவர்கள் பார்ப்பார்கள். தூக்கிய கை, தோள், கழுத்து. கழுத்திலிருந்து முகத்துக்கு வந்தபோதுதான் பவுடருக்கு அடியில் இருந்தவளை அடையாளம் கண்டார். பானுப்பிரியா. சிலமலையிலிருந்து பஸ்சில் வந்துபோனவள். இரண்டாண்டுகள் அவரிடம் வேலை பார்த்தவள்.

ஆகஸ்டு மாதத்தில் ஒருநாள் பானுப்பிரியா வாசலில் உதறியபோது கொசுவத்திலிருந்து நான்கு ஏலக்காய்கள் விழுந்தன. பொறுக்கி எடுத்த பருங்காய்கள். "நான் எடுக்கலம்மா" என்று அவள் சொன்னாள். கிருபாராணி எல்லாப் பெண்களுக்கும் முன்னால் "களவாணி" என்றார், அன்றே நிறுத்தினார். அதோடும் விடவில்லை. தெரிந்த மூன்று கிடங்குகளுக்குத் தொலைபேசியில் பெயரைச் சொல்லி எச்சரித்தார். அந்த மூவரில் ஒருவன் ஸ்டான்லி.

ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். டக் என்று ஒரு சத்தம். பானுப்பிரியாவின் சேலை மடிப்பிலிருந்து ஒரு காப்பிக்கொட்டை நழுவிச் சிமென்டுத் தரையில் விழுந்து உருண்டது. முன்வரிசையில் யாரோ மெல்லச் சிரித்தார்கள். அவள் அசையவில்லை. சற்று நேரத்தில் மற்றொன்று. பிறகு, இரண்டு சேர்ந்தாற்போல.

யாரும் அவற்றை ஒளித்துவைக்கவில்லை. பதினான்கு பேர் பார்த்திருக்கவே அவள் உட்கார்ந்து பொறுக்கினாள். மடியில் சுளகு இருந்தால் மடிப்பில் கொட்டை சிக்கத்தான் செய்யும். உதறியும் சில சிக்கியே நிற்கும். பிறந்ததிலிருந்து ஏலக்காயோடு வாழ்ந்த ஒருத்திக்கு இது தெரியாது என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. கிருபாராணி ஒருநாளும் தரையில் உட்கார்ந்து பொறுக்கியதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து வாசலைப் பார்த்திருக்கிறார்.

பானுப்பிரியாவின் கண்கள் இருட்டுக்குப் பழகியிருக்க வேண்டும். அவை கடைசி வரிசைக்கு வந்து நின்றன. அவள் கைகள் இறங்கவில்லை. ஓடிப்போகவும் அவளால் ஆகாது, முகத்தைத் திருப்பவும் ஆகாது. அது அவள் ஒப்புக்கொண்ட வேலை. கிருபாராணி எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. வாசலில் ஒருத்திக்கு அரை நிமிடம்கூட ஒதுக்காதவர், மீதி ஏழு நிமிடங்களும் அந்தத் தூக்கிய கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தான் சிரித்த சிரிப்பு காதுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டது.

நேரம் முடிந்தது. கைதட்டல் எழுந்தது. தாள்களைத் தரையில் வரிசையாகப் பரப்பினார்கள். பொன்னுமணியும் பானுப்பிரியாவும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தனர். கிருபாராணியின் தாளில் இரண்டு கைகளும் சேலையும் இருந்தன. முகம் வெறும் வட்டம்.

"மூஞ்சி போடலயாம்மா?" என்று பானுப்பிரியா கேட்டாள்.

"வரல."

"குடோன்லயும் நீங்க மூஞ்சியப் பாத்ததில்ல."

கிருபாராணி குரலைத் தாழ்த்தினார். "அன்னைக்கு விழுந்த நாலு காய்... அது மடிப்புல சிக்கியிருந்ததுதான். இப்பத் தெரியுது எனக்கு."

"எனக்கு அன்னைக்கே தெரியும்."

"திங்கக்கெழம வேலைக்கு வந்துரு."

பொன்னுமணிக்கு அப்போதுதான் புரிந்தது. "ஆத்தாடி, அந்த முதலாளியம்மா நீங்கதானா? களவாணின்னு ஊரு கேக்கச் சொல்லிட்டு, இல்லங்கிறத மட்டும் காதுக்குள்ள சொல்றீக? இவளுக்கு எந்தக் குடோன்லயும் சோலி இல்லாமப் போச்சு. இவ தங்கச்சியப் பொண்ணு பாக்க வந்தவுக அதச் சொல்லித் திரும்பிப் போயிட்டாக. தெரியுமா?"

பேச்சின் சூடு கேட்டு ஸ்டான்லி திரும்பினான். "என்னக்கா, என்ன சேதி?"

"ஒண்ணுமில்ல தம்பி," என்றார் கிருபாராணி. "நெழல் எப்படிப் போடுறதுன்னு பேசிக்கிட்டிருந்தோம்."

சொல் வாயிலிருந்து விழுந்த பிறகு அதை எடுக்க முடியவில்லை. பானுப்பிரியா குனிந்து அந்தத் தாளைக் குப்புறத் திருப்பிவைத்துவிட்டு, சாயம் கலைக்கப் போய்விட்டாள்.

காப்பி வந்தது. கிருபாராணி குவளையைத் தொடவில்லை. நெற்றியில் கைக்குட்டையை ஒற்றிக்கொண்டே இருந்தார். தவறு செய்ததைவிட, தவறு என்று தெரிந்தபின்னும் ஒரு நொடியில் பொய் அவ்வளவு எளிதாக வந்ததே, அதுதான் அவரைக் குத்தியது.

வட்டத்தின் வழக்கப்படி, கூட்டம் முடியுமுன் ஒவ்வொருவரும் தம் தாளைத் தூக்கிக் காட்டி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். கழுத்தோடு நின்றுபோன பொன்னுமணியை ஸ்டான்லி காட்டினான். "மீதிய வந்து வாங்கிக்கிறேண்ணே" என்றாள் அவள். பானுப்பிரியா முகம் கழுவி, சாதாரணச் சேலையில் வந்து அமாவாசையின் அருகே நின்றாள். கடைசி வரிசையின் முறை வந்தது.

கிருபாராணி எழுந்தார். குப்புறக் கிடந்த தாளைத் தூக்கிக் காட்டினார்.

"இதுல மூஞ்சி இல்ல. இந்தப் பிள்ள பேரு பானுப்பிரியா. எங்கிட்ட வேலை பாத்துச்சு. ஆகஸ்டுல இது மேல திருட்டுப் பட்டம் கட்டி நிறுத்துனேன். ஸ்டான்லி, உனக்குப் போன் பண்ணிச் சொன்னது நாந்தான். அது திருடல. காப்பிக்கொட்ட மடிப்புலேருந்து விழுந்தத இப்ப நீங்க எல்லாரும் பாத்தீங்க. காயும் அப்படித்தான் விழுந்துச்சு. கூத்துல வந்த முதலாளியம்மா நான். சித்த முன்ன நெழல் பத்திப் பேசினோம்னு சொன்னதும் பொய்."

அமாவாசை மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றினான்.

"ஐயையோ, மன்னிச்சுக்கங்கம்மா. நீங்க இருக்கீகன்னு தெரியாது. இவ சொல்லச் சொல்லப் போட்ட வேசம்."

"நீ எதுக்குக் கேக்குற? சரியாத்தான் செஞ்ச. சாவிக்கொத்து மட்டும் நான் எடப்பக்கம் சொருகுவேன்."

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். ஸ்டான்லி தரையைப் பார்த்தபடி, "நானும் ஒரு வார்த்த விசாரிக்கலையே," என்றான்.

எல்லாருடைய கண்களும் பானுப்பிரியாவின் பக்கம் போயின. அழுவாள், அல்லது கும்பிடுவாள் என்று எதிர்பார்த்திருக்கலாம். அவள் இரண்டும் செய்யவில்லை.

"சொன்னது சரிம்மா. எழுத்தாவும் குடுங்க; தங்கச்சிக்கு ஆகும். ஆனா மத்த ஆறு பேரு இன்னும் தெனம் உதறிக் காட்டிட்டுத்தான பஸ்சு ஏறுறாக? நேத்துக்கூடப் பாத்தேன்."

ஜீப்பில் போடிக்கு இறங்கும்போது கிருபாராணிக்கும் பானுப்பிரியாவுக்கும் எதிரெதிர் இருக்கைகள். வளைவுக்கு வளைவு முழங்கால்கள் இடித்தன. ஊர் வரும்வரை அவர் தலை நிமிரவில்லை.

நவம்பர் 17, திங்கட்கிழமை மாலை கிடங்கிலும் அதற்குப் பின்வந்த நாள்களிலும் முடிவானவை இவை. பானுப்பிரியா திருடவில்லை என்றும், விசாரிக்காமல் பழி சுமத்தியது தம் தவறு என்றும் கிருபாராணி எழுதிக் கையெழுத்திட்டுப் பெண்கள் ஆறு பேர் முன்னிலையில் படித்தார். அதன் படிகளை மூன்று கிடங்குகளுக்கும் தாமே நடந்து சென்று கொடுத்தார். மூலத்தைச் சிலமலைக்குக் கொண்டுபோய்ப் பானுப்பிரியாவின் கையில் சேர்த்தார். வாசலில் உதறிக் காட்டும் வழக்கம் அந்தத் திங்கட்கிழமையோடு நிறுத்தப்பட்டது. மடிப்பில் சிக்கும் காயைப் பெண்கள் தாங்களே தட்டிவிட்டு எழுவதற்குப் பொறுக்கும் இடத்தில் ஒரு படுதா விரிக்கப்பட்டது. வேலைக்குத் திரும்ப அழைத்ததைப் பானுப்பிரியா மறுத்தாள். குழுவோடே ஆடுவது என்று முடிவு செய்திருக்கிறாள். ஓவிய வட்டத்துக்குக் கிருபாராணி தொடர்ந்து வரலாம் என்று மற்றவர்கள் கூறினார்கள். ஆடியவர்கள் அடுத்த முறை வரும்போது தாம் இருப்பதா வேண்டாமா என்பதைப் பானுப்பிரியாவே சொல்லட்டும் என்று அவர் எழுதிக் கேட்டார். வேண்டாம் என்று பதில் வந்தது. ஆடியவர்கள் வரும் நாளில் அவர் போவதில்லை.