எட்டாவது கையெழுத்து

1

இந்தக் கதை ஒரு போன் அழைப்பில் பிறந்தது. உண்மையைச் சொன்னால், அந்த அழைப்பில் நான் சிரித்த சிரிப்பில் பிறந்தது. செவ்வாய்க்கிழமை காலை அடுப்பில் பால் இருந்தது. தங்கச்சி கூப்பிட்டாள்.

"அக்கா, நீ கதையெல்லாம் எழுதறவ. ஒண்ணு கேக்கறேன், சொல்லு. ஒரு பொண்ணு 'நான் வரேன்'னு சொல்லிட்டுப் போனா, அவ வருவாளா, மாட்டாளா?"

சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. நம்மில் யாரும் 'போகிறேன்' என்று சொல்லிவிட்டுப் போவதில்லை, 'வரேன்' என்று சொல்லித்தான் போகிறோம். போவதற்கும் வருவதற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இத்தனை காலம் குழம்பாமல் இருந்ததே பெரிய விஷயம். தங்கச்சி குழம்பிவிட்டாள். அவள் மட்டும் குழம்பியிருந்தால் பரவாயில்லை. அந்த ஒரு சொல்லை நம்பி ஏழு பெண்களைப் பிடித்து வைத்திருக்கிறாள்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: போனில் பேசி முடித்தால் எல்லோரும் 'வைக்கிறேன்' என்பார்கள். தங்கச்சி மட்டும் போனிலும் 'சரிக்கா, வரேன்' என்றுதான் வைப்பாள். அவள் வீட்டுக்காரர் இதற்காக அவளைக் கேலி செய்யாத நாளில்லை. அன்றைக்கு, நான் சிரித்ததும், அதைக்கூடச் சொல்லாமல் வைத்துவிட்டாள்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

கல்லூரி மைதானத்தின் மூலையில், மாலை வெயிலின் பொன்னிறத்தில், பந்து ஒன்று தன்னந்தனியாக

வேண்டாம். எந்தப் பந்தும் தன்னந்தனியாக எதையும் செய்வதில்லை. இன்னொன்று:

வாழ்க்கையில் தோற்றுப்போன ஒரு

இது என் தங்கச்சி. அந்த வரியையும் அடித்துவிட்டேன். மூன்றாவது முறை உள்ளதை உள்ளபடியே எழுதுகிறேன்.

ஒரு கல்லூரியில் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு ஒரு கோச் இருந்தாள். மாணவிகள் அவளுக்கு வைத்த பெயர் விசில். கழுத்தில் ஒன்று தொங்குவதால் வந்த பெயரல்ல. கோபம் வந்தால் அவள் குரலே அப்படித்தான் போகும். போன வருடம் அணியில் ஐந்து பேர் படிப்பை முடித்துக்கொண்டு போனார்கள். நன்றாக ஆடிய இருவரை நகரத்தின் மறுகோடியில் இருக்கும் இன்னொரு கல்லூரி அலாக்காகத் தூக்கிக்கொண்டு போனது. அங்கே மரத்தரை, தலைக்கு மேல் கூரை. இங்கே சிமெண்ட் தரை, நடுவில் ஒரு விரிசல். ஒரு பக்கத்து வளையம் எதற்கோ வெட்கப்பட்டதுபோல் குனிந்தே இருக்கும்.

மிச்சம் நான்கு பேர். விசில் இரண்டு மாதம் பள்ளி பள்ளியாக ஏறி இறங்கி மூன்று பேரைப் பிடித்தாள். ஆக ஏழு. லீக்கில் ஆட எட்டுப் பேர் வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் எட்டுப் பேரும் லீக் அலுவலகத்துக்கு நேரில் வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும்.

போடாவிட்டால்? கல்லூரி முதல்வர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "டீம் இல்லன்னா அந்த இடம் சும்மாதானேம்மா கிடக்கும்? வண்டி நிறுத்தவாவது ஆகும்" என்றார். மறுநாள் பயிற்சி நடக்கும்போதே ஒருவர் அளவு நாடாவோடு வந்து மைதானத்தை அளந்துவிட்டுப் போனார். பந்து அவர் பக்கம் உருண்டபோது எடுத்துக் கொடுக்கவும் செய்தார், பாவம்.

(இதையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். ஆட்டத்தில் தோற்றால் தங்கச்சி நேராக என் வீட்டுக்கு வருவாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள். தொட்டியில் கிடக்கும் பாத்திரங்களையெல்லாம் தேய்ப்பாள். ஜெயித்தால் இந்தப் பக்கம் தலைகாட்ட மாட்டாள். போன வருடம் முழுக்க என் வீட்டுப் பாத்திரங்கள் பளபளவென்று இருந்தன.)

3

எட்டாவது ஆள் கிடைத்தது ஒரு சாவியால். பந்து அறைச் சாவியைத் தொலைத்துவிட்டு, பூட்டும் கையுமாக விசில் ஒரு சாவிக் கடைக்குப் போனாள். கடைக்காரர் பூட்டைப் பார்த்தார். இன்னும் வெட்டாத சாவிகள் மேல் வரிசைக் கொக்கிகளில், கூரைக்குப் பக்கத்தில், தொங்கின.

"ஏணி!" என்று உள்ளே குரல் கொடுத்தார்.

ஏணி வரவில்லை. ஒரு பெண் வந்தாள். குதிகாலைக்கூடத் தூக்காமல் கையை நீட்டிச் சாவியை எடுத்து அப்பாவிடம் கொடுத்தாள்.

விசில் அங்கேயே நின்று விசாரித்தாள். பள்ளி அணியில் ஆடுகிறாளாம். இந்த வருடம் கல்லூரியாம். மரத்தரைக்காரர்களும் வந்து பேசிவிட்டுப் போனார்களாம். அதற்குப் பிறகு விசில் இரண்டு முறை அந்தக் கடைக்குப் போனாள். சும்மா போய் நிற்க முடியுமா? ஒவ்வொரு தடவையும் ஒரு சாவி செய்துகொண்டாள். இப்போது பந்து அறைக்கு மூன்று சாவிகள் இருக்கின்றன.

(இந்த இடத்தில் எனக்கு ஒரு தடுமாற்றம். ஏணியை நான் பார்த்ததே இல்லை. ஒரு பத்தி முழுக்க அவள் மனதுக்குள் புகுந்து எழுதிப் பார்த்தேன்: 'அவளுடைய உயரமே அவளுக்குப் பாரமாக' என்று போனது. பாரம் என்று எனக்கு யார் சொன்னார்கள்? நானோ குட்டை. பத்தியைத் தூக்கிவிட்டேன். அவள் வாயால் சொன்னதைத் தவிர அவளைப் பற்றி இந்தக் கதைக்கு வேறொன்றும் தெரியாது. வம்பே அதுதான்.)

சனிக்கிழமை ஏணி அப்பாவோடு மைதானத்துக்கு வந்து ஒரு மணி நேரம் ஆடினாள். அணித்தலைவி ஆள் சின்னவள், சுற்றிச் சுற்றி ஆடுவதால் பம்பரம் என்று பெயர். பம்பரம் கொடுத்த பந்தையெல்லாம் ஏணி வாங்கி வளையத்துக்குள் வைத்தாள். போடவில்லை, வைத்தாள்.

"எப்படிம்மா இருக்கு நம்ம கிரவுண்டு?" என்று விசில் கேட்டாள்.

"விரிசல்ல பட்டா பந்து வேற எங்கேயோ போகுது மேடம்."

"அது நமக்குப் பழகிடும். வர்றவங்களுக்குத்தான் கஷ்டம். அந்த விரிசல் நம்ம டீம்ல ஒரு ஆளு மாதிரி."

ஏணி சிரித்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள். "அவ இஷ்டங்க. பூட்டுக்குத்தான் நான் பொறுப்பு" என்றார் அவர். ஏணி தண்ணீர் குடித்தாள். பையைத் தோளில் மாட்டினாள்.

"மேடம், நான் வரேன்."

"ரொம்ப சந்தோஷம்மா!" என்று விசில் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

ஏணி ஒரு கணம் விழித்தாள். பிறகு தலையாட்டினாள்.

4

பம்பரத்தையும் மரத்தரைக்காரர்கள் கூப்பிட்டிருந்தார்கள். அன்றைக்கே விசில் அவளிடம், "ஏணி வரா. நீ எங்கேயும் போகாத, இரு" என்றாள். பம்பரம் இருந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அங்கே இடம் நிரம்பிவிட்டது. திங்கட்கிழமை காலை முதல்வரின் மேசையில் எட்டுப் பேர் பட்டியல் இருந்தது.

அன்று மாலை ஐந்து மணிக்கு அலுவலகக் கிளார்க் பையை எடுத்துக்கொண்டு, "மேடம், நான் வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏணி சொன்னதும் இதே சொல்தான் என்று விசிலுக்கு அப்போதுதான் உறைத்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நானே கூப்பிட்டேன். "அந்தப் பொண்ணையே கேட்டுட வேண்டியதுதானேடி?"

"கேட்டு, 'இல்ல மேடம், போயிட்டு வரேன்னுதான் சொன்னேன்'னு சொல்லிட்டா? கேக்காத வரைக்கும் எனக்கு எட்டுப் பேரு இருக்காங்கக்கா."

இவ்வளவு கோழையான கோச்சை வாசகர்கள் ஒப்புக்கொள்வார்களா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. புதன்கிழமை அவளைப் போன் செய்ய வைத்தேன். (நான் வைக்கவில்லை, அவளேதான் செய்தாள். எழுதுகிறவர்களுக்கு இப்படிப் பெருமை அடித்துக்கொள்ளும் பழக்கம் உண்டு.) ஏணியின் அப்பா எடுத்தார். "கடையில கூட்டங்க. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ளதானே? அவகிட்ட சொல்றேன். பாக்கலாம்."

பாக்கலாம்! இந்தச் சொல்லுக்கு எத்தனை அர்த்தம் என்று விளக்கப் புகுந்தால் கதை வெள்ளிக்கிழமைக்குள் முடியாது.

5

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

மூன்று ஐம்பத்தைந்துக்கு ஏணி மூச்சு வாங்க ஓடி வருகிறாள். வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே நுழைகிறாள். எல்லோரும் கைதட்டுகிறார்கள். எனக்கே கூச்சமாக இருந்தது.

விசிலே எட்டாவது ஆளாகக் கையெழுத்துப் போடுகிறாள். வயது நாற்பத்து மூன்று, வலது முழங்காலில் கட்டு. வேண்டாம், சிரித்தது போதும்.

ஏணி வரவில்லை. கடிகாரம் நான்கு அடிக்கிறது. அலுவலர் பதிவேட்டை மூடுகிறார். ஏழு பெண்களும் எழுந்து நிற்கிறார்கள். பம்பரம் விசிலின் முகத்தைப் பார்த்து,

அவள் என்ன சொன்னாள் என்று இரண்டு நாளாக எழுதிப் பார்க்கிறேன். வரவில்லை. காற்புள்ளியோடு அப்படியே கிடக்கட்டும்.

6

இன்று வெள்ளிக்கிழமை. இதற்கு மேல் நான் எழுதுவதெல்லாம் நடந்துகொண்டிருப்பது.

மூன்று நாற்பதுக்குப் போன் வந்தது. பின்னால் ஒரே சத்தம். நாற்காலி இழுக்கிற ஓசை, யாரோ சிரிக்கிறார்கள், பெண்களின் குரல்கள். எத்தனை குரல் என்று எண்ணப் பார்த்தேன். ஏழா, எட்டா, பிடிபடவில்லை.

"என்னடி, வந்தாளா?"

"அக்கா, இங்க ஒண்ணுமே கேக்கல..."

"அன்னைக்கு நான் சிரிச்சது தப்புடி. அந்தப் பொண்ணு வந்தாளா?"

"என்னது? சரிக்கா... நான் வரேன்."

வைத்துவிட்டாள். திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை.

வழக்கம்போல அப்படிச் சொல்லி வைத்தாளா, இங்கே கிளம்பி வருகிறாளா? மூன்று நாற்பதுக்கே கிளம்புவாளா? ஏணி வரமாட்டேன் என்று சொல்லியனுப்பியிருந்தால் கிளம்புவாள். என் வேலையே சொற்களோடுதான். இந்த ஒரு சொல்லுக்கு அர்த்தம் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

மணி நாலேகால். எழுந்துபோய்ப் பாத்திரம் தேய்க்கத் தொடங்கினேன். தொட்டி காலியாக இருந்தால் அவளுக்கு இங்கே வேலையில்லை. வேலையில்லையென்றால் அவள் தோற்கவில்லை. ஒரு கோச்சைக் காப்பாற்ற எனக்குத் தெரிந்த வழி இவ்வளவுதான். தட்டுகள் முடிந்தன, பால் பாத்திரம் முடிந்தது, கரண்டிகள் முடிந்தன. கடைசி டம்ளரில் கை நின்றுவிட்டது.

இதையும் தேய்த்துவிட்டு, அவள் வந்து வெறும் தொட்டிக்கு முன்னால் நின்றால், அந்தக் கைகளுக்கு நான் என்ன கொடுப்பேன்? தேய்க்காமல் விட்டால், ஏணி வரவில்லை என்று நானே எழுதி முடித்ததாக ஆகிவிடாதா?

டம்ளர் தொட்டியில் இருக்கிறது. நீங்களாக இருந்தால் தேய்ப்பீர்களா, விடுவீர்களா? சீக்கிரம் சொல்லுங்கள், குழாயில் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது.