சின்னக் கசிவுதான்

அவருக்கு எல்லோரும் வைத்த பெயர் வாஷர். குழாய் ரிப்பேர் வேலையில் முப்பத்தைந்து வருடம். எந்தக் கோளாறைக் காட்டினாலும் குனிந்து பார்த்து, "வாஷர்தான் போச்சு" என்பார், பெயர் ஒட்டிக்கொண்டது. அடுத்தபடியாக அவர் வாயில் வருவது, "சின்னக் கசிவுதான், பாத்துக்கலாம்." இதைச் சொன்ன வீட்டுக்கு அவர் மறுபடி போனதாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

ஒன்பது வருடங்களுக்கு முன் அவர் வயிற்றுக்குள்ளேயே ஒரு குழாய் தகராறு செய்தது. பெரிய ரத்தக்குழாய் பலூன் மாதிரி உப்பியிருந்தது. வெடித்தால் ஆள் காலி. வயிற்றைக் கிழிக்காமல், தொடையிடுக்கில் இரண்டு துளை போட்டு, சுருக்கிய குழாய் ஒன்றை உள்ளே அனுப்பி விரித்துவிட்டார்கள். மூன்றாம் நாள் வீடு.

"பழைய பைப்புக்குள்ள புது பைப்பு. செவுத்த உடைக்கல, டைல்ஸப் பேத்தெடுக்கல. இதுல்ல வேலை!" என்று தொழில்முறைப் பாராட்டு வழங்கினார். ஆயுசுக்கும் வருடம் ஒருமுறை ஸ்கேனுக்கு வரச் சொன்னார்கள். மூன்று வருடம் போனார். பிறகு, பாத்துக்கலாம்.

ஆஸ்பத்திரி விடாமல் வருடத்துக்கு ஒரு கடிதம் போட்டது. நல்ல கெட்டித் தாள். அவர் வீட்டுச் சமையலறைத் தொட்டிக்குக் கீழே பத்து வருடமாகச் சொட்டும் குழாய்க்கு ஒரு வாளி வைத்திருந்தார். வாளி ஆடாமல் இருக்க, அதன் அடியில் கடிதங்கள் கச்சிதமாகப் பொருந்தின.

ஒருநாள் மனைவி வாளியை நகர்த்தினாள்.

"ஏங்க, என்னது இது, ஆறு லெட்டரு?"

"ஆஸ்பத்திரிலருந்து ஞாபகப்படுத்துறாங்க."

"எதை?"

"நான் உயிரோட இருக்கறதை."

"அது உங்களுக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டவள், மறுநாள் காலையில் அவரைக் கையோடு இழுத்துப் போய் ஆஸ்பத்திரி கவுண்டரில் நிறுத்தினாள்.

கவுண்டர்ப் பெண் எண்ணைத் தட்டினாள். "சார், உங்களுக்கு 'நலம், புகார் இல்லை'ன்னு இருக்கே."

"யாரும்மா சொன்னது?"

"யாரும் சொல்லல. ஆறு வருஷமா நீங்க வரல. வரலைன்னா நல்லாயிருக்காங்கன்னு போட்டுருவோம். பெரிய டாக்டர் போன மாசம் மாநாட்டுல பேசினாரே, நீண்டகாலப் பலன் தொண்ணூத்தி நாலு சதவீதம்னு. அதுல நீங்களும் ஒருத்தர்."

வாஷருக்குப் பெருமையாக இருந்தது. "நியாயம்தானே? நானும் போன் வரலைன்னா குழாய் நல்லாயிருக்குன்னுதான் எடுத்துப்பேன்."

"வேற ஆளு கிடைச்சுட்டான்னு அர்த்தம்," என்றாள் மனைவி. "இங்க வராமலே போனவங்களுக்கு என்ன அர்த்தமாம்?"

கவுண்டர்ப் பெண் திரையைக் கொஞ்சம் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஸ்கேன் முடிந்தது. படத்தைப் பார்த்த இளம் டாக்டரம்மா நிதானமாகச் சொன்னாள்: "உள்ள வெச்ச குழாய் அசையாம இருக்குங்கய்யா. ஆனா பக்கத்துக் கிளை ஒண்ணு வழியா ரத்தம் திரும்பி வந்து வீக்கத்துல சேருது. வீக்கம் மூணு மில்லிமீட்டர் கூடியிருக்கு. பயப்படாதீங்க, சின்னக் கசிவுதான். பாத்துக்கலாம்."

வாஷரின் முகத்தில் ஈயாடவில்லை.

"டாக்டரம்மா, வேற என்ன வேணா சொல்லுங்க. அத மட்டும் சொல்லாதீங்க."

"எதை?"

"பாத்துக்கலாம்னு. அது என் வசனம். அதுக்கு அர்த்தம் எனக்குத் தெரியும்."

"என்ன அர்த்தம்?"

குரல் தரையைத் தொட்டது. "இனிமே இந்தத் தெருப்பக்கமே தலைகாட்ட மாட்டேன்னு."

முப்பது வருடத் தாம்பத்தியத்தில் முதல் வாக்குமூலம்! மனைவி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "எங்க தொழில்ல பாத்துக்கலாம்னா பாக்கறதுதான். ஆறு மாசத்துல மறுபடி ஸ்கேன். இன்னும் பெருத்தா அந்தக் கிளைய அடைச்சிரலாம். நான் பாக்கணும்னா நீங்க வரணும். வரலைன்னா..."

"நலம்னு போட்டுருவீங்க."

"ஆமா."

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் தொட்டிக்கு அடியில் படுத்தார். பத்து நிமிட வேலை. உண்மையிலேயே வாஷர்தான் போயிருந்தது.

ஆறு மாதம் கழித்து, சொன்ன தேதிக்கு ஒருநாள் முன்னதாகவே போனார். வீக்கம் இன்னும் கூடியிருந்தது. மறுபடி துளை போட்டுக் கிளையை அடைத்தார்கள். அதற்கடுத்த ஸ்கேனில் கசிவு நின்றிருந்தது. டாக்டரம்மா கைகுலுக்கினாள்.

வாஷர் நேரே கவுண்டருக்கு வந்தார். "என் பேருக்கு நேரா 'புகார் இல்லை'ன்னு இருக்கே, அத அடிச்சிட்டு 'கசிஞ்சுது, அடைச்சாங்க'ன்னு எழுதும்மா."

"சதவீதம் குறையுமே சார்! பெரிய டாக்டர்கிட்ட கேக்கணும்..." கவுண்டர்ப் பெண் இனிமையாகச் சிரித்தாள். "பாத்துக்கலாம் சார்."

வாஷர் பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்துக் கவுண்டருக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துகொண்டார். "பாரும்மா," என்றார். "நானும் பாக்கறேன்."